நாயை விரட்டினால் உண்ணி போகுமா?

கேள்வி: கடலூர் வண்டிப்பாளையத்தில் எங்களுக்குப் பழைய ஓட்டு வீடு. நான்கு வருஷமாக ஒரு நாட்டு நாய் வளர்க்கிறோம். ஃபெஞ்சல் புயல் மழையில் பின்பக்கச் சுவர் இடிந்தது. அந்தச் செங்கல்லெல்லாம் இன்னும் கொல்லையில்தான் கிடக்கிறது. இரண்டு மாதமாக நாய் உடம்பெல்லாம் உண்ணி. பிடுங்கப் பிடுங்க வருகிறது. இப்போது சுவரிலும் ஏறுகிறது. போன வாரம் என் ஏழு வயது மகளின் காதுக்குப் பின்னால் ஒன்று ஒட்டியிருந்தது. பதறிப்போய்ப் பிய்த்து எறிந்துவிட்டேன். நாயை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடு என்கிறார் மாமியார். வயலுக்கு அடிக்கும் மருந்தைக் கலக்கிக் குளிப்பாட்டு என்கிறார்கள் பக்கத்து வீட்டில். மகள் நாயைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். லைம் நோய், குரங்குக் காய்ச்சல் என்று செல்போனில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. மாமனாரின் பசு ஒன்றும் கொட்டகையில் இருக்கிறது. என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

கால்நடை மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எல்லாக் கேள்விக்கும் வருகிறேன். ஆனால் இரண்டு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வயல் மருந்து உங்கள் நாயின் மேல் ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது. அப்புறம், மகளின் காதுக்குப் பின்னால் உண்ணியைப் பார்த்த தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். அந்தத் தேதியிலிருந்து மூன்று வாரத்துக்குள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், மாத்திரை கொடுத்து இரண்டு நாள் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப்போய், "இன்ன தேதியில் உண்ணி கடித்தது" என்று நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

சரி, மாமியார் சொன்னதற்கு வருவோம். நாயைக் கொண்டுபோய் விட்டால் உண்ணி போகாது. உங்கள் வீட்டில் இப்போது இருப்பதைவிட நிலைமை மோசமாகும். காரணம் தெரிந்தால் மாமியாரே ஒப்புக்கொள்வார்.

நாயின் உடம்பில் நீங்கள் பார்ப்பது வீட்டிலிருக்கும் உண்ணிகளில் கொஞ்சம்தான். நாய் உண்ணிக்கு நாய் என்பது சாப்பிடப் போகும் இடம். குடியிருப்பது உங்கள் சுவரில். தன் வாழ்நாளில் அது மூன்று தடவைதான் சாப்பிடுகிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு ஆறு கால். அது நாயின் மேல் ஏறிச் சில நாள் ரத்தம் குடித்துவிட்டு இறங்கி, சுவர் வெடிப்பில் போய் ஒளிந்துகொண்டு தோலுரிக்கும். எட்டுக் காலோடு வெளியே வந்து மறுபடி ஏறும், குடிக்கும், இறங்கும், தோலுரிக்கும். மூன்றாவது தடவை ஏறும்போதுதான் அது வளர்ந்த உண்ணி. பெண் உண்ணி ஒரு வாரம்போலக் குடித்து ஆமணக்கு விதை அளவுக்கு உப்பிவிடும். (ஆமணக்குக்கு லத்தீன் மொழியில் வைத்திருக்கும் பெயருக்கே உண்ணி என்றுதான் பொருள். அந்த ஊர்க்காரர்களும் நம்மைப் போலத்தான் பார்த்திருக்கிறார்கள்.) உப்பிய உண்ணி நாயை விட்டு இறங்கியதும் தரையில் கிடக்காது. சுவரைப் பிடித்து மேலே ஏறும். ஒரு சந்து கிடைத்தால் அதில் நுழைந்து, இரண்டாயிரம் மூவாயிரம் என்று முட்டை இட்டுவிட்டுச் செத்துப்போகும். நான்காயிரத்தைத் தாண்டுவதும் உண்டு.

முதுநகர்ப் பக்கம் ஒரு வீட்டில் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றச் சொன்னேன். ஆணி அடித்த இடத்தில் சுண்ணாம்புப் பூச்சு ஒரு விரற்கடை அளவு பெயர்ந்திருந்தது. அந்தக் குழிக்குள் பளபளவென்று காப்பிப்பொடி நிறத்தில் ஒரு கட்டி. கசகசாவைத் தேனில் குழைத்து அப்பினமாதிரி இருந்தது. பக்கத்தில் தாய் உண்ணி வற்றிச் சுருங்கிக் கிடந்தது. அந்த வீட்டுக்காரர் ஆறு மாதமாகத் தினமும் நாயைக் குளிப்பாட்டி வந்தவர். அவர் தலைக்கு மேலே, தினம் தேதி கிழித்த இடத்துக்குப் பின்னால் இது இருந்திருக்கிறது.

இன்று ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் விளக்கை அணைத்துவிட்டு ஒரு டார்ச்சோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். மாமியாரையும் கூட்டிக்கொள்ளுங்கள். நாய் படுக்கும் இடத்துக்கு மேலே உள்ள சுவர், வாசற்காலுக்கும் சுவருக்கும் இடையில் உள்ள கோடு, ஸ்விட்ச் பெட்டி ஓரம், சாமி படங்களின் முதுகு, கட்டில் சட்டம் பொருந்தும் மூலை, திண்ணைத் தூண், ஓட்டுக்கு அடியில் சட்டம் சுவரில் உட்காரும் இடம். இந்த இடங்களைப் பார்த்தாலே போதும்.

இப்போது யோசியுங்கள். நாய் போய்விட்டது; சுவரிலிருப்பவை பசியோடு இருக்கின்றன. வளர்ந்த உண்ணி ஒன்றுமே குடிக்காமல் பல மாதம் உயிரோடு இருக்கும். நாய் இல்லாத வீட்டில் அது கிடைத்த உடம்பைப் பிடிக்கப் பார்க்கும். சாதாரணமாக அதற்கு நாய் ரத்தம்தான் பிடிக்கும். வேறு வழியில்லாதபோதும் வெயில் கொளுத்தும்போதும் மனிதர் மேல் ஏறுவது கூடும். பாயில் படுத்திருக்கும் குழந்தைதான் அதற்குப் பக்கத்தில் இருக்கும். அதனால்தான் சொல்கிறேன், நாய் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். சரியான மருந்து கொடுத்த நாய்தான் உண்ணிக்குப் பொறி. சுவரிலிருந்து இறங்கி வருபவை அதன் மேல் ஏறிக் கடிக்கும், கடித்தவை ஓரிரு நாளில் சாகும். அடுத்த தலைமுறை வராது. மூன்று மாதம் இப்படி நடந்தால் சுவர் காலியாகும்.

அந்தச் சரியான மருந்து என்பது இன்று பெரும்பாலும் வாயால் கொடுக்கும் மாத்திரை. ஃப்ளூராலனர் என்ற மருந்து ஒரு தடவை கொடுத்தால் ஏறத்தாழ மூன்று மாதம் வேலை செய்யும். அஃபாக்ஸோலனர் மாதம் ஒரு தடவை. நாயின் எடைக்குத் தகுந்த மாத்திரையை, சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். எடை பார்க்காமல் கடையில் வாங்கிப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள். நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அப்போது வேறு மருந்து தருவார். விலை கூடுதல்தான், மறைக்கவில்லை. முடியாதவர்களுக்குப் பிடரியில் விடும் சொட்டு மருந்தோ, தெளிப்பு மருந்தோ உண்டு. அமிட்ராஸ் போன்றவற்றைத் தண்ணீரில் கலந்து குளிப்பாட்டுவது மலிவு. ஆனால் அளவு கூடினால் நாய் மயங்கிவிடும். கலக்கும் நமக்கும் ஆகாது. மருத்துவர் எழுதித் தரும் அளவில்தான் செய்யணும். வீட்டில் பூனை இருந்தால் ரொம்பக் கவனம் வேண்டும். நாய்க்குப் போடும் பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகை மருந்துகள் பூனையைக் கொன்றுவிடும். மருந்து போட்ட நாயைப் பூனை நக்கினாலே போதும்.

வயல் மருந்தைப் பற்றி ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சில வருஷத்துக்கு முன் நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் ஆட்டோவில் தாய் நாயையும் அதன் குட்டியையும் ஈரத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். கரும்புக்கு அடித்த மருந்தில் மிச்சம் இருந்ததை ஒரு பக்கெட் தண்ணீரில் ஊற்றி இரண்டையும் குளிப்பாட்டியிருக்கிறார். தாயின் வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாக ஒழுகியது. கண்மணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. தோலுக்கு அடியில் சதை தானாகத் துடித்தது, மழைத்துளி விழுந்த குட்டைத் தண்ணீர் மாதிரி. சோப்புப் போட்டுக் கழுவி, விஷமுறிவு ஊசியை விடிய விடியப் போட்டோம். தாய் பிழைத்தது. குட்டி வரும் வழியிலேயே போய்விட்டிருந்தது. "உண்ணி கடிக்குதேன்னு பாவப்பட்டுத்தானே ஐயா செஞ்சேன்" என்று அவர் அந்தத் துண்டை மடித்துக்கொண்டே இருந்தார். பயிருக்கு அடிக்கும் மருந்து தோல் வழியாக உள்ளே போகும். உங்கள் கையிலும் போகும். மண்ணெண்ணெய், பினாயில், எறும்புச் சாக்பீஸைப் பொடித்துத் தேய்ப்பது எல்லாமே வேண்டாம். பினாயில் தோலை வேக வைக்கும், நாய் நக்கினால் குடலையும்.

இனி வீடு. நாய்க்கு மாத்திரை கொடுத்த அதே வாரம் சுவர் வேலையையும் தொடங்குங்கள். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் பாதிப் பலன்தான்.

முதல் வேலை அந்தச் செங்கல் குவியல். உண்ணிக்கு அது அடுக்குமாடிக் குடியிருப்பு. புயல் போய் எவ்வளவு நாளாகிவிட்டது, விற்றுவிடுங்கள், இல்லை சுவரைக் கட்டிவிடுங்கள். உடனே முடியாவிட்டால் வீட்டுச் சுவரை ஒட்டி வைக்காமல் வெயில் விழும் இடத்துக்குத் தள்ளி மாற்றுங்கள். விறகு, தென்னை மட்டை, பழைய சாக்கு இதெல்லாமும் அப்படித்தான். நாய் படுக்கும் சாக்கை எரித்துவிட்டு, துவைக்கக்கூடிய பழைய புடவை ஒன்றை மடித்துப் போடுங்கள். வாரம் ஒரு முறை அதைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி வெயிலில் காயப்போட்டால் போதும்.

அப்புறம் வெடிப்பை அடைப்பது. என் அனுபவத்தில் மருந்தைவிட இதுதான் நிலைத்த பலன் தருகிறது. சுவரில் பூச்சு பெயர்ந்த இடம், வாசற்கால் இடுக்கு, தரையும் சுவரும் சேரும் மூலை ஆகியவற்றில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, காய்ந்ததும் சிமெண்ட் கலவையால் அடைத்து மேலே சுண்ணாம்பு அடியுங்கள். ஸ்விட்ச் பெட்டி பக்கம் தண்ணீர் வேண்டாம். சிலர் தீப்பந்தம் காட்டுகிறார்கள். ஓட்டு வீட்டில் மேலே மரச்சட்டம், கொட்டகையில் வைக்கோல். தயவுசெய்து செய்யாதீர்கள்.

மருந்து தெளிப்பதென்றால் வீட்டுக்குள் பூச்சிக்கு அடிக்கவென்று விற்கும் டெல்டாமெத்ரின் போன்ற மருந்தை, டப்பாவில் எழுதியிருக்கும் அளவில் கலந்து, தரையோடு நிற்காமல் சுவர் உச்சி வரை இடுக்குகளில் அடிக்க வேண்டும். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தை, நாய், பசு, கோழி எல்லாம் வெளியே இருக்கட்டும். காய்ந்த பிறகு உள்ளே வரலாம். கிணற்றடியிலும் மீன் தொட்டிப் பக்கத்திலும் கூடவே கூடாது, மீனுக்கு இது விஷம். இரண்டு வாரம் கழித்து மறுபடி, அதன்பின் இன்னொரு தடவை. முதல் தடவை அடித்தபோது முட்டைக்குள் இருந்தவை தப்பித்திருக்கும். அவை பொரிந்து வரும் சமயத்தில் அடுத்த தடவை அடிக்க வேண்டும். பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். முதல் தடவை அடித்ததும் உண்ணி குறைந்துவிடும், சரி போய்விட்டது என்று விட்டுவிடுவார்கள், ஒரு மாதத்தில் பழைய கதை.

சுவரில் பொடிப்பொடியாகக் குஞ்சுகள் ஊர்வதைப் பார்த்தால் பார்சல் ஒட்டும் டேப்பை விரலில் சுற்றி ஒற்றி எடுங்கள். எல்லாம் ஒட்டிக்கொள்ளும். டேப்பை மடித்துக் குப்பையில் போட்டால் முடிந்தது.

பசுவின் மேல் இருப்பது வேறு உண்ணி. மாட்டு உண்ணி குஞ்சாக ஏறினால் வளர்ந்து உப்பும்வரை அந்தப் பசுவின் மேலேயே இருந்துவிட்டு, முட்டையிட மட்டும் கொட்டகையிலும் புல்லிலும் இறங்கும். ஆகவே அங்கே பசுவின் உடம்பில் அடிக்கும் மருந்து நன்றாகவே பலன் தரும். மடி, தொடை இடுக்கு, காது, வாலடி ஆகிய இடங்களில் பாருங்கள். பால் கறக்கும் பசு என்றால் மருந்து அடித்தபின் எத்தனை நாள் பாலை விட வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு அதன்படி நடங்கள். கலப்பினப் பசுவை உண்ணிக் காய்ச்சல் சீக்கிரம் தாக்கும். காய்ச்சலோடு மூத்திரம் காப்பி நிறத்தில் போனால் அன்றைக்கே மருத்துவர் வர வேண்டும். மாமனார் வேப்பிலை, மஞ்சள், வசம்பு, பூண்டு அரைத்துத் தடவுவார் என்றால் தடவட்டும், ஓரளவு ஏறவிடாமல் வைக்கும். ஆனால் சுவரிலும் புல்லிலும் இருப்பதை அது ஒன்றும் செய்யாது. உண்ணிக்கொக்கு வந்து பசுவின் மேல் உட்கார்ந்தால் விரட்ட வேண்டாம்.

இப்போது உங்கள் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். லைம் நோயைப் பரப்புவது வேறு இன உண்ணி. உங்கள் சுவரில் இருக்கும் நாய் உண்ணி அதைப் பரப்புவதில்லை. குரங்குக் காய்ச்சல் என்கிற க்யாசனூர் காட்டு நோய் 1957இல் கர்நாடகத்தின் சிமோகாப் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் உள்ள வேறொரு உண்ணியால் வருவது. கடலூர்க் கடற்கரையில் உட்கார்ந்து அதற்குப் பயப்பட வேண்டாம். இந்த இரண்டையும் மறந்துவிட்டுத் தூங்குங்கள்.

நாய் உண்ணியால் மனிதருக்கு வரக்கூடியது உண்ணி டைபஸ் என்ற காய்ச்சல். தலைவலி, உடம்பு வலி, சில நாளில் உள்ளங்கை உள்ளங்கால் வரை சிவப்புத் தடிப்பு. இதைவிட நம் கடலூர், புதுச்சேரிப் பக்கம் அதிகமாக வருவது ஸ்க்ரப் டைபஸ். அதையும் பத்திரிகையில் உண்ணிக் காய்ச்சல் என்றே எழுதுகிறார்கள். உண்மையில் அதைத் தருவது உண்ணியே அல்ல. புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. மழைக்காலத்திலும் அதையொட்டிய குளிர் மாதங்களிலும் அதிகம். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டமாதிரி ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. அக்குள், தொடை இடுக்கு, அரைஞாண் கயிற்றுக்கு அடியில், பெண்களுக்கு மார்புக்கு அடியில் என்று மறைவான இடத்தில்தான் இருக்கும். மனிதருக்கு வைத்தியம் செய்வது என் வேலை இல்லை. ஆனால் இந்த இரண்டு காய்ச்சலுக்கும் விலை குறைந்த, நல்ல மருந்து உண்டு என்பதும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து என்பதும் எனக்குத் தெரியும். காய்ச்சலோடு போகும்போது உண்ணி கடித்ததையும் சொல்லுங்கள், உடம்பில் அப்படிப் பொருக்கு இருந்தால் அதையும் காட்டுங்கள்.

முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கப் போகிறவர்கள், மாட்டுக்குப் புல் அறுக்கப் போகிறவர்கள் முழுக்கை சட்டையும் முழுக்காலுடையும் போட்டு, வெறும் புல்லில் உட்காராமல், வந்ததும் குளித்துத் துணியை மாற்ற வேண்டும். துவைத்த துணியைச் செடி மேல் காயப்போடும் வழக்கம் இருந்தால் கொடிக்கு மாற்றுங்கள்.

மறுபடி யார் மேலாவது உண்ணி ஒட்டியிருந்தால் பதற வேண்டாம். கூர்முனைச் சாமணத்தால் தோலை ஒட்டி, அதன் வாய்ப் பக்கத்தைப் பிடித்து, திருகாமல் நேராக, மெதுவாக, ஒரே சீராக இழுங்கள். பீடி நெருப்பு வைப்பது, மண்ணெண்ணெய் விடுவது, எண்ணெய் பூசி மூச்சுமுட்ட விடுவது எதுவும் கூடாது. அதைத் தொந்தரவு செய்யச் செய்ய அது தன் எச்சிலைத்தான் நம் உடம்பில் விடும். எடுத்ததை நகத்தில் வைத்து நசுக்கக் கூடாது. நாய் வளர்க்கிற பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். நோய்க்கிருமி அந்த ரத்தத்தில்தான் இருக்கிறது, விரலில் ஒரு கீறல் இருந்தால் போதும். ஒரு சின்ன டப்பாவில் ஸ்பிரிட்டோ சோப்புத் தண்ணீரோ வைத்து அதில் போட்டு மூடிவிடுங்கள். கடித்த இடத்தையும் கையையும் சோப்பால் கழுவுங்கள். மகளுக்கு நீங்கள் பிய்த்தபோது வாய்முள் கொஞ்சம் உள்ளே நின்றிருந்தாலும் தோண்ட வேண்டாம், தானாக வெளியே வந்துவிடும். சிவந்து வீங்கினால் மட்டும் காட்டுங்கள்.

நாயை இந்த வாரமே அரசு கால்நடை மருத்துவமனையில் காட்டுங்கள். பெரிய சோதனை ஏதாவது தேவைப்பட்டால் புதுச்சேரி குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டு மாதம் இவ்வளவு உண்ணி கடித்த நாய்க்கு ரத்தச் சோதனை செய்யாமல் இருப்பது சரியில்லை. எர்லிக்கியா, பபேசியா என்று இரண்டு நோய் உள்ளேயே இருந்து ரத்தத்தைக் குறைத்துக்கொண்டே போகும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ரோஜா நிறத்தில் இருந்தால் நல்லது. வெள்ளையாக இருந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, இரண்டு வேளை சாப்பிடாமல் படுத்திருந்தாலோ, நாளை என்று தள்ளாமல் இன்றைக்கே போங்கள். காலத்தில் வைத்தியம் தொடங்கினால் பெரும்பாலும் குணமாகிவிடும். எர்லிக்கியாவுக்கு மாத்திரையை நான்கு வாரம் விடாமல் கொடுக்கணும்.

மகளுக்கும் ஒரு வேலை கொடுங்கள். தினமும் சாயங்காலம் நீங்கள் நாயின் காதுக்குள், கால் விரலிடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில், வாலடியில் பாருங்கள். எத்தனை உண்ணி என்று நீங்கள் சொல்ல, அவள் காலண்டரில் அந்தத் தேதிக்குக் கீழே எழுதட்டும். தொடுவது நீங்கள், எழுதுவது அவள். முதல் வாரத்தில் எண்ணிக்கை சட்டென்று இறங்கும். மூன்றாவது, நான்காவது வாரத்தில் மறுபடி கொஞ்சம் ஏறலாம். அப்போது மருந்து வேலை செய்யவில்லை என்று கைவிட்டுவிடாதீர்கள். சுவரிலிருந்த முட்டைகள் பொரிந்து வந்திருக்கின்றன, அவ்வளவுதான். அன்றைக்குத்தான் அடுத்த தடவை மருந்து அடிக்கும் நாள்.